டாங்கிக்கு மேல் ஒரு கூண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே போர் டாங்கிகளின் மேல் கம்பிக் கூண்டு பற்றவைக்கிறேன். ட்ரோன் வந்து விழாமலிருக்க. நேற்று ஒன்று பட்டறைக்கு மேலே ரீங்கரித்தது. எல்லோரும் டாங்கிக்கு அடியில் புகுந்தோம். பார்த்தால், எங்கள் ஆட்களே விட்ட சோதனை ட்ரோன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

டாங்கி ஓட்டுபவர் மட்டும், "இவ்வளவு பெரிய இரும்பு, ஒரு தும்பிக்குப் பயப்படுது" என்றார். பிறகு, "மேலே கையகலம் இடம் விடுப்பா, மேகம் பாக்கணும்" என்று கேட்டார். இடம் விட எனக்கு மனம் வரவில்லை, அடைத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கம்பிகளின் ஊடே மேகங்கள் மிதப்பதை இருவரும் கூண்டுக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தோம்.

பருத்தி பனியன் இரண்டு அனுப்புங்கள். போனில் பேசும்போது வாசலுக்கு வாருங்கள், தெருச் சத்தம் கேட்கட்டும்.

மேகம் பார்க்கக் கேட்டவரின் டாங்கி கிளம்புகிறது. கையசைக்க ஓடுகிறேன்.

உங்கள் மகன்