நடுவில் புள்ளி இல்லை

ஏற்காடு
6.1.2025

அன்புள்ள சனா கண்ணுக்கு அத்தா சலாம் சொல்லி எழுதறது.

போன்ல பேசினா எனக்குப் பாதி காதுல விழாது, அதான் கடுதாசி. இங்க பனி நொம்ப. வெள்ளக்கடை ஊர்க்கார மாரியப்பன் ஈர மொளகை நம்ம கடைக்கு விக்கக் கொண்டாந்து, காஞ்சதுன்னு சேர்வராயன் சாமி மேல சத்தியம் பண்றான். அவன்கூட மல்லுக்கட்டவே பொழுது போயிருது. எதுக்கு எழுத ஒக்காந்தேன்? ஆங், கருந்துளைக்கு நடுவுல அந்தப் புள்ளி இல்லேன்னு நீ எழுதின கட்டுரை அச்சுல வந்திருச்சாமே. சந்தோசம் சாமி. இல்லேன்னு தெரிஞ்சு போச்சு, வேலை முடிஞ்சுது. இனி புனேயில என்ன இருக்கு? சேலத்துல ஆரிப் ஊட்டுல அவனுக்கு உன்னைப் பொண்ணு கேட்டாங்க. மாசக் கடைசியில நீ வந்துருவேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உன் கட்டில்ல புது விரிப்பு போட்டாச்சு.

உன் அத்தா,
சையத் இப்ராஹிம்

புனே
14.1.2025

அன்புள்ள அத்தாவுக்கு, சலாம்.

வேலை முடியலைங்கத்தா. ஐன்ஸ்டீன் கணக்குல கருந்துளைக்கு நடுவுல கணக்கே நின்னுபோற ஒரு புள்ளி வருது. அது இல்லாம நாங்க ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாக்கறோம், அவ்வளவுதான். அதுல உள்ள விழுந்தது ஓரளவுக்கு மேல அமுங்காம எதிர்த்துத் தள்ளும். ஆனா உள்ளுக்குள்ள இன்னொரு எல்லை வருது. அங்க லேசா எது பட்டாலும் பெருகிப் பெருகி மொத்தக் கணக்கும் கலைஞ்சிரும். அதைக் கலையாம நிக்க வைக்கறதுதான் என் வேலை. வருசக்கணக்கா ஆகும்.

என்னைக் கேக்காம வாக்குக் குடுத்துட்டீங்களே. நான் வரலைங்கத்தா. பனியில மப்ளர் கட்டிக்குங்க.

உங்கள்,
சனா

ஏற்காடு
2.2.2025

கண்ணு சனாவுக்கு,

உன் கடுதாசி வந்தும் நான் பதில் எழுதல. கோவந்தான், ஒளிக்க என்ன இருக்கு. அப்பறம் பஸ் ஏறி சேலம் போனேன். வளைவுல ஒரு லாரி மாட்டிக்கிச்சு. பக்கத்து சீட்டு அம்மா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துச்சு, ஒரே புளிப்பு. அதை விடு. பொண்ணு வராதுங்க, புள்ளி இல்லேங்கற வேலை இன்னும் முடியல, தெரியாம வாக்குக் குடுத்துட்டேன்னு ஆரிப் ஊட்டுல சொல்லிட்டேன். ஆரிப்போட அத்தா சிரிச்சாரு.

"ஏனுங்க, இல்லாத புள்ளிக்கு மாசச் சம்பளமுங்களா?"

"இல்லேன்னு சொல்றது லேசுங்க. அதை நிக்க வைக்கறதுதான் கஷ்டமாம்"னேன்.

டீ குடுத்தாங்க. சக்கரை போட மறந்துட்டாங்க போல. குடிச்சுட்டு வந்தேன்.

லேசாப் பட்டாலே கலையும்னு எழுதியிருந்தியே, அந்த மாதிரி உன் வேலையில நானே போய்ப் பட்டுட்டேன். நீ நிதானமாப் பண்ணு சாமி.

பனி இன்னும் விடல. மாரியப்பன் மொளகைக் காயப் போட எடமில்ல. உன் கட்டில் விரிப்பை மடிச்சு வச்சுட்டு, அதுமேல பரப்பியிருக்கேன். வர்றதுன்னா முன்னாடியே எழுது, அள்ளிடறேன்.

அத்தா