ஓரத்தில்தான் நிற்கிறேன், அம்மா

27 ஓகஸ்ட் 1996, செவ்வாய்

பல்கலைக்கழக ஃபுட்போல் பயிற்சி முடிந்து கோச் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த வருடம் என்னை மைதானத்தின் ஓரத்திலிருந்து எடுத்து உள்ளே, ஸ்லொட் என்கிற நடு இடத்தில் போடப் போகிறாராம். உன்னளவு உடம்பு ஓரத்தில் நின்று வீணாகப் போகிறது என்றார். ஆறடி மூன்று அங்குலம், இருநூற்றுப் பதினெட்டு இறாத்தல். எனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு "யெஸ் கோச்" என்றேன். வேறென்ன சொல்வது? வயதில் பெரிய ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மனிதர் நான் சந்தோசத்தில் வாயடைத்துப்போனேன் என்று நினைத்து முதுகில் தட்டி அனுப்பினார்.



28 ஓகஸ்ட்

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், எங்கள் அணியில் எவன் எடுத்துப் பார்த்தாலும் விளங்காது. பயம் பயம் பயம். எத்தனை தரமும் எழுதலாம்.

இந்த நாட்டு ஃபுட்போலில் பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும்; பிடிக்கிறவனை இடித்து விழுத்துவார்கள். ஓரத்தில் ஓடுகிறவனுக்குப் பக்கத்திலேயே கோடு இருக்கிறது. எவனாவது இடிக்க வந்தால் ஒரு கால் எடுத்து வெளியே வைத்தால் விசில் ஊதிவிடுவார்கள். ஸ்லொட்டில் கோடு இல்லை. பந்து அசையும் முன்னமே ஓடத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் நேரே, மற்ற அணியில் நடுவில் காத்து நிற்கிற தடியன்கள், லைன்பேக்கர்களின் வாய்க்குள் போகவேண்டும். பந்து உயரத்தில் வரும். இரண்டு கையையும் தூக்கினால் விலா இரண்டும் திறந்து கிடக்கும். மற்ற அணியில் மூன்று பேர் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது?

1 செப்டெம்பர், ஞாயிறு

சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் விளையாட விட்டதே ஒரு கதை. குசினி மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் அடுக்கிக் காட்டினேன். இந்தக் கரண்டிகள் எல்லாம் அடிபடுகிற ஆட்கள், உப்புப் போத்தல் நான், இஞ்ச ஓரத்தில்தான் நிற்பேன், ஒருவனும் தொடமாட்டான் என்றேன். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். தங்கச்சி றீற்றா சாட்சி. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அம்மாவில் பிழை இல்லை. எண்பத்தேழில் எனக்குப் பன்னிரண்டு வயது; பார்த்தால் பதினேழு என்பார்கள். ஊரில் ஆமிக்காரர் மறித்துப் பார்க்கிற சென்றிகளில் என்னைக் கட்டைக் காற்சட்டை போடவைத்து, கூனவைத்து, சின்னப்பிள்ளை போல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். பெரிய உடம்புதான் முதலில் கண்ணில் படும் என்பது அவளுடைய கணக்கு. இங்கே, இந்த நாட்டுக்கு வந்தபிறகும், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினேழாம் மாடிக்குப் போகும் லிப்டில்கூட என்னை மூலைக்குத் தள்ளிவிடுவாள்.

7 செப்டெம்பர்

முதல் மாட்ச். பந்து எனக்கென்றே வந்தது. பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கைகள் தாமாகவே மடங்கிவிட்டன. பந்து நெஞ்சில் பட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் ஓடிவந்தவன் இடித்தான். பந்தும் போய், அடியும் வாங்கி... என்ன சீவியமடா இது!

கோச் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஏசினாலாவது பரவாயில்லை.

8 செப்டெம்பர்

பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, விலாவைப் பிடித்தபடி வாயை மட்டும் அசைத்துப் பாடினேன்.

21 செப்டெம்பர்

மூன்று பிடித்தேன்.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். முன்னால் தெரிகிற ஆள் இடிக்கிற ஆள் இல்லை. இரண்டாவது ஒருவன் இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக வருகிறான். திரும்புவதற்கு முன் அரைக் கண்ணால் இடப்பக்கம் பார்த்து, தோளை இறக்கிக்கொண்டால் அடி முதுகில் வாங்கலாம். இதைக் கோச் சொல்லித் தரவில்லை. அவர் பயந்து விளையாடியிருக்கமாட்டார்.

5 ஒக்டோபர்

ஏழு பிடித்தேன். சனம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. "கிளிஃப்! கிளிஃப்!" மாட்ச் தொடங்க முன் கழிவறையில் பைப்பைத் திறந்துவிட்டுச் சத்தி எடுத்தது ஒருவருக்கும் தெரியாது. கெட்டிக்காரன் ஆகிவிட்டால் பயம் குறையும் என்று நினைத்தேனே, ஏன் குறையவில்லை? இப்போது எல்லாப் பந்தும் எனக்குத்தான் எறிகிறான்கள். எல்லா அடியும் எனக்குத்தான்.

17 ஒக்டோபர்

ஐயோ.

றீற்றா சந்தோசப் புழுகத்தில் பல்கலைக்கழகப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்துவிட்டாள். முன்பக்கத்தில் நான். கையிரண்டும் மேலே, விலாவில் ஒருவன், காலில் ஒருவன். நான் வந்தபோது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உது ஓரமே?"

"இல்லை."

"எவ்வளவு நாளா?"

"செப்டெம்பரிலயிருந்து."

சேட்டைக் கழற்றச் சொன்னாள். மஞ்சளும் ஊதாவுமாய் இருந்த விலாவைத் தொடாமல் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சோறு போட்டாள்.

22 ஒக்டோபர், செவ்வாய்

வெட்கத்தில் சாகலாம் போல இருக்கிறது.

அம்மா வேலைக்கு லீவு போட்டு, றீற்றாவைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துக் கூட்டிக்கொண்டு, பிஸ்கற் ரின் நிறையப் பற்றிஸ் பொரித்துக்கொண்டு கோச்சிடம் போயிருக்கிறாள். ஊரில் பிள்ளைக்கு வகுப்பு மாற்ற அதிபரிடம் போவது மாதிரி. றீற்றா மொழிபெயர்த்தாளாம். இவன் என்ர ஒரே ஆம்பிளைப் பிள்ளை, நான் இவனைக் கூனவைச்சுக் காப்பாத்தினனான், திருப்பி ஓரத்தில விடுங்கோ ஐயா. இதை எப்படி இங்கிலீசில் சொன்னாய் என்று றீற்றாவைக் கேட்டேன். சொல்லச் சொல்ல அழுகை வந்ததென்றாள்.

கோச் நான்கு பற்றிஸ் சாப்பிட்டாராம்.

23 ஒக்டோபர்

கோச் கூப்பிட்டார். சனிக்கிழமை நான் ஓரம். ஸ்லொட்டுக்கு ஜேமி.

அம்மா வந்துபோனது அணியில் ஒருவருக்கும் தெரியவராது, இடம் மாறினதுக்கு ஏதாவது ஒரு காரணத்தை நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர். அல்லது ஓரம் உனக்கு வேண்டாமென்றால் சொல்லு, அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றும் சொன்னார். வாசல் திறந்துதான் இருந்தது.

"யெஸ் கோச்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் என்ன, இது என்னுடைய கொப்பிதானே. சந்தோசமாக இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது கால் இலேசாகிப் போனது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஜேமி என்னிலும் ஐம்பது இறாத்தல் குறைவு. இரண்டாம் வருடக்காரன். துள்ளிக்கொண்டு திரிகிறான்.

25 ஒக்டோபர், வெள்ளி

பயிற்சியில் ஜேமியைப் பார்த்தேன். இடப்பக்கம் பார்க்கிறானில்லை. பந்தை மட்டுமே பார்க்கிறான். பயமே இல்லை அவனுக்கு.

சொல்லவேண்டும். உடுப்பு மாற்றும்போது பக்கத்தில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது? உனக்கு இது எப்படித் தெரியும், நீ ஏன் விட்டுவிட்டுப் போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல? என்ர அம்மா வந்து அழுதவ எண்டோ? நாளைக்குத் தொடங்க முன் சொல்கிறேன்.

26 ஒக்டோபர்

சொல்லேல்லை.

இரண்டாம் பாதி. நான் ஓரத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பந்து ஜேமிக்கு உயரத்தில் வந்தது. கையைத் தூக்கினான். இடப்பக்கத்தால் தாழ்வாய் அந்த இரண்டாமவன் வாறதை நான் கண்டனான். கத்தினேனா? வாய் திறந்தது தெரியும். சத்தம் வந்ததோ தெரியாது. ஜேமி தலை கீழாய் விழுந்தான். எழும்பேல்லை.

அசைக்காதே அசைக்காதே என்று கத்தினார்கள். பலகையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

அம்மா முதல்தரம் மாட்ச் பார்க்க வந்திருந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். பிறகு அந்த அம்புலன்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

27 ஒக்டோபர்

கால் விரல் அசைகிறதாம். தேவனே.

30 ஒக்டோபர்

கழுத்தெலும்பில் வெடிப்பு. நடப்பான். இனி விளையாடமாட்டான்.

அது என்னுடைய கழுத்தாக இருந்திருக்குமா? இருந்திராது. நான் பார்த்திருப்பேன், தோளை இறக்கியிருப்பேன். எனக்கு ஒரு சதை நோவோடு போயிருக்கும். இதை நினைக்காமல் ஒரு பாடம் படிக்க முடியவில்லை. அடி வாங்கப் பயந்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. அப்போது மாட்ச் முடிந்தால் பயமும் முடிந்துவிடும்.

10 நவம்பர், ஞாயிறு

ஜேமி வீட்டுக்கு வந்துவிட்டானென்று அறிந்து அம்மா பூசை முடிந்த கையோடு கோழிச் சூப் வைத்தாள். போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துவாயால் சுற்றி, என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். நகரத்துக்கு வெளியே, ஏஜாக்ஸில் அவன் வீடு. வழி முழுக்க அவள் போத்தலை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜேமி கழுத்தைச் சுற்றிப் பெரிய பட்டை போட்டுச் சோபாவில் இருந்தான். திரும்பமுடியாததால் உடம்போடு திரும்பிச் சிரித்தான். அவனுடைய தாய் அம்மாவின் கையிலிருந்த போத்தலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கோச் எல்லாம் சொன்னாராம். சீசன் முடியமுன் ஜேமிக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று நானே கேட்டு என் இடத்தை விட்டுக் கொடுத்தேனாம். அந்தக் கிழமைதான் தன் மகன் வாழ்க்கையிலேயே சந்தோசமாக இருந்த கிழமையாம். நன்றி, நன்றி என்று சொல்லி என் தோளில் அழுதாள். ஜேமி அங்கிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறினபிறகு அம்மா கேட்டாள்.

"அந்த மனிசி உன்னைக் கட்டிப் பிடிச்சு என்ன சொன்னவ?"

"சூப் நல்ல ருசியாம்."

அம்மா றோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அவ இன்னும் போத்தலைத் திறக்கேல்லை, தம்பி."