துலாபாரத்தில் பார்த்த எடை

அம்மாவுக்குக் கமலினியின் நமஸ்காரம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

இந்தத் தூத்துக்குடி ஜனங்களோடு பேசிப் பேசி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது. பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி எவ்வளவு ஆழம் போகலாம் என்று எடையை வைத்து முதலில் ஒரு மதிப்புப் போடுவோம். ஒரு நூல் கூடினாலும் பிள்ளை பெற்றவள் தலைவலியில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள்.

நேற்று பானுப்ரியா என்ற பெண் வலியோடு வந்தாள். எடை பார்க்க அவளால் நிற்க முடியவில்லை. மாமியார் முந்திக்கொண்டு தொண்ணூறு கிலோ என்றாள். முதுகைத் தொட்டால் தோலுக்கடியிலேயே எலும்பு தட்டுகிறது. எங்கே பார்த்த எடை என்று கேட்டேன்.

"போன மாசம் திருச்செந்தூர்ல துலாபாரம் குடுத்தோம். தொண்ணூறு கிலோ வெல்லம்லா வச்சோம்."

"தட்டு சமமா நின்னுதா?"

"அவ தட்டு மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. சாமிக்குக் கொறச்சலாவா வைக்க முடியும், டாக்டரம்மா?"

தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, கையில் உறை. அந்த எடையை மறந்துவிட்டு, விரலை நம்பி மெதுவாகப் போனேன். தொண்ணூறு கிலோ கணக்குக்கு வெகு முன்பே ஊசிக்கு இடம் கிடைத்துவிட்டது. பெண் குழந்தை, இருவரும் சௌக்கியம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிட்டுப் பூசினாற்போல் ஆகிவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. அங்கே இருக்கும் என் சுடிதார்களை இடுப்பில் இரண்டு விரற்கடை பிடித்துத் தைத்து அனுப்பு; இங்கே இருப்பவை ஊக்கு குத்தினால்தான் நிற்கின்றன. டியூட்டிக்கு நேரமாகிறது.

உன் கமலினி