பூட்டிய மாளிகைக்கு ஒரு வலம்

தெர்மாஸ் பிளாஸ்க்கின் தக்கையை மாற்றுவதில்லை என்று இன்று காலை ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. மூன்று நாள் ஆலோசனை நடந்தது. எதிர்த்து ஓட்டு விழவில்லை. இந்த வீட்டில் இப்போது இருப்பதே ஒரு ஓட்டுதான். தக்கையை மூக்கருகே கொண்டு போனேன். பழைய காபியும் ஈரத்துணியும் கலந்த வாசனை. எண்பத்தொன்றாம் வருஷக் கோடையில், ஸ்கூட்டரின் பின் சீட்டில், இந்த பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

அந்தப் பங்குனியில்தான் உன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்த நம் தெரு டாக்டர், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க சார்" என்றார். கடிதம் என் சட்டைப்பைக்குள் போயிற்று. நீ கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்றேன். தாலுகா ஆபீஸில் இருபது வருஷமாக நான் கோப்புகளை நிர்வகித்து வந்தது அந்த ஒரு சொல்லால்தான். மறுத்ததாகவும் ஆகாது, செய்ததாகவும் ஆகாது. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததாக ஆபீஸில் பதிவு இல்லை.

"எதைக் கேட்டாலும் பாக்கலாம் பாக்கலாம்னே சொல்றீங்களே, எதையாவது ஒண்ணைத்தான் காட்டுங்களேன்" என்றாய் ஒரு நாள்.

திருப்பத்தூருக்கு அப்பால் மலைமேல் இருந்த பழைய ஜமீன் மாளிகையைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய தோட்டம் என்று கேள்வி. வேலூரைத் தவிர வேறு எந்த ஊருக்கும் உன்னை அழைத்துப் போக எனக்குத் தைரியம் இருந்தது.

கத்திரி வெயில். செங்கம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாய். அப்புறம் வெயில் மட்டும் பேசியது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஸ்கூட்டர் மூச்சு வாங்கி நின்றது. நீ இறங்கி நடந்தாய், நான் தள்ளினேன்.

"வண்டி உங்கள மாதிரியேதான். ஏத்தம்னா நின்னுடுது."

மாளிகை பூட்டியிருந்தது. காவலாளி நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "சாவி மேனேஜர்கிட்ட இருக்குதுங்க. அவரு வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. தோட்டத்தை வேணா பாருங்க."

தோட்டத்தில் ரோஜாச் செடிகள் குச்சிகளாக நின்றன. நீரூற்றில் ஓணான் இருந்தது. நான் திரும்பிப் போகும் வழியை யோசித்துக்கொண்டிருந்தபோது நீ செருப்பைக் கழற்றிவிட்டு, மாளிகையை இடமிருந்து வலமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தாய்.

"அம்மா, இது கோயில் இல்லீங்க!" என்று காவலாளி ஓடி வந்தார்.

"தெரியும்பா. நாங்க திருவண்ணாமலை. மலையையே சுத்துறவங்க. இது எந்த மூலைக்கு?"

"ஜாஸ்தி நேரம் ஆவுங்களா? கேட்டைப் பூட்டணும்."

"ஒரே சுத்துதான்."

ஏழை எளியவர்களை வாட்டிய அந்த ஜமீன் பரம்பரைக்கு உன் புண்ணியத்தில் ஏதாவது கிடைத்திருக்கும். ஒவ்வொரு ஜன்னலிலும் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாய். ஒரு ஜன்னலில் நின்றுவிட்டாய். "அடேயப்பா, என்னா கட்டிலு! இதுல புருஷனைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆவும்." காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சுற்றி முடித்தபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய்.

மலையடிவாரத்தில் சாலை பிரிந்தது. ஒரு பலகை வேலூரைக் காட்டியது, மற்றது நம் ஊரை. நீ என் தோளைத் தட்டினாய்.

"ஏங்க, இப்படியே போயிட்டா என்ன? லெட்டரு பாக்கெட்டுலதான இருக்குது?"

"மாத்துப் புடவைகூட இல்லாமலா? அடுத்த வாரம் பாக்கலாம்."

தோளிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாய். "பயமா இருக்குதா?"

"எனக்கென்ன பயம்?"

"எனக்கு இல்லீங்க. அதான் கேட்டேன்."

வண்டியை நம் ஊர்ப் பக்கம் திருப்பினேன். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை எல்லாம் கடந்து போயின. உன் கை என் தோளிலேயே இருந்தது. என்னைத் தேற்றுவதற்காக என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைக்கும் யாராவது எதையாவது கேட்டால் அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்துவிடுகிறது. விழுங்கிவிட்டு, "சரி" அல்லது "முடியாது" என்கிறேன். மனுஷன் கறாராக மாறிவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள்.

அன்று உன்னிடம் நான் சொன்ன அந்த அடுத்த வாரம் ஆபீஸில் ஜமாபந்தித் தணிக்கை வந்துவிட்டது. அது முடிந்ததும் ஆடி பிறந்தது. ஆடியில் ஆஸ்பத்திரிக் காரியம் தொடங்கக்கூடாது என்று சொன்னேன். அதுவரை சாஸ்திரம் எதையும் நான் நம்பியதில்லை. ஆவணியில் வேலூர் போனோம். அங்கிருந்த டாக்டர் கடிதத்தின் தேதியைப் பார்த்தார். உன்னைப் பரிசோதித்தார். இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார்.