கல் போட்டால் யார் வீடு போகும்

நேற்று நெல்லித்தோப்பில் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த பெட்டியைக் கவிழ்த்ததும் மணல் கொட்டியது. "டெய்லி பீச்சுக்குப் போறீங்களா டீச்சர்?" என்று சிரித்தார். நான் கடற்கரைப் பக்கம் போயே பல மாதமாகிறது. அது நீ ஏற்றிய மணல். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் அள்ளி, சாக்கில் கொஞ்சமும் பிளாஸ்டிக் கவரில் கொஞ்சமுமாகக் கட்டி, கவரைச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு, "மெதுவா ஓட்டுடி, கவர்ல ஓட்ட இருக்குது" என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாய். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் லேசாக உப்பு வாடை அடித்தது. காற்றடித்துச் சுத்தம் செய்துவிடட்டுமா என்று அவர் கேட்டார்.

நீ இல்லாமல் இது இரண்டாவது மழைக்காலம். ஒரு விஷயத்தில் நம் இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு நீ சமூக அறிவியல், நான் அறிவியல். பருவநிலை மாற்றம் உன் புத்தகத்திலும் இருந்தது, என் புத்தகத்திலும் இருந்தது. இரண்டிலும் பனிப்பாறை உருகும் படம். இரண்டு பேரும் சேர்ந்தே நடத்திவிடலாம் என்று வகுப்புக்குள் போனோம். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "கடல் ஓரமா வீடு இருக்குறவங்க யாரு?" என்று கேட்டாய். பிள்ளைச்சாவடி சங்கீதா எழுந்து, நேற்று ஏன் வரவில்லை என்று காரணம் சொல்லுகிற குரலில், "எங்க சமையக்கட்டு போன மழையிலயே கடல்ல போயிடுச்சி டீச்சர்" என்றாள். அவள் பக்கத்திலேயே தேவி எழுந்தாள். அவளுக்கு அங்கிருந்து வடக்கே அடுத்த மீனவக் குப்பம். "எங்க பக்கம் இன்னும் கடல் வரல டீச்சர்." ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்கள் இருவரும்.

"அப்ப நாம இவ வீட்டக் காப்பாத்திப் பாக்கலாமா?" என்றாய். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பேக்கரியில் பன் சுடுகிற பெரிய தகரத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாய். ஒரு பக்கம் பிள்ளைச்சாவடி மணலைச் சரிவாகக் கொட்டி, மறுபக்கம் தண்ணீர் ஊற்றி, தெற்கிலிருந்து சாய்வாக அலை வருகிற மாதிரி அடிஸ்கேலால் தள்ளச் சொன்னாய். தீப்பெட்டிகள்தான் வீடுகள். சங்கீதாவின் வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் ஜல்லிக்கல்லை அடுக்கினார்கள். அலை கல்லில் மோதித் திரும்பியது, வீடு அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்கேலை நிறுத்த வேண்டாம் என்று நீ சொன்னாய். கொஞ்ச நேரத்தில் கல்லுக்கு வடக்கே இருந்த மணல் கரைய ஆரம்பித்தது. தேவியின் தீப்பெட்டி மெல்லச் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தது.

"கல்ல எடுங்க டீச்சர்" என்றாள் தேவி.

"எடுக்காதீங்க" என்றாள் சங்கீதா.

மறுநாளிலிருந்து தினமும் ஏதாவது செய்து பார்த்தார்கள். கல்லைச் சரித்து வைத்தார்கள், தண்ணீருக்குள் தள்ளி வைத்தார்கள், ஈர்க்குச்சி நட்டார்கள், தேங்காய் நாரைப் பரப்பினார்கள். ஏதாவது ஒரு வீடு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருத்தி கல்லுக்குத் தெற்கே சேர்ந்த மணலைக் கரண்டியால் அள்ளி வடக்கே கொட்டினாள். இரண்டு தீப்பெட்டியும் நின்றன. கரண்டியை நிறுத்தினால் தேவியின் வீடு மறுபடி சாய்ந்தது.

"எத்தினி நாளைக்கு டீச்சர் இப்பிடி அள்ளிக்கினே இருக்குறது?"

"அலை அடிக்கிற வரைக்கும்" என்றாய். ஒரு பிள்ளைக்கும் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக் கண்காட்சி வந்தது. அட்டையில் பிரச்சினை, காரணம், தீர்வு என்று மூன்று கட்டம் போட்டாயிற்று. தீர்வுக் கட்டத்தில் எதையாவது எழுதி நிரப்பச் சொன்னார் தலைமையாசிரியர். நீ அதைக் காலியாகவே விட்டாய். தட்டுக்கு இந்தப் பக்கம் சங்கீதா, அந்தப் பக்கம் தேவி. பரிசுக்குத் தேர்வு செய்ய வந்தவர் தீர்வு என்னம்மா என்று கேட்டார். "தெரில சார். கல்லு போட்டா இவ வீடு போவுது, போடலன்னா எங்க வீடு போவுது" என்றாள் சங்கீதா. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே சோலார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நாம் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். "வீட்டுக்குப் போறப்ப கொஞ்சம் நம்பிக்கையோட போவட்டுமேடி. இப்பிடிக் கொழப்பி விட்டுட்டியே" என்றேன். "கொழப்பமாதான் இருக்குது. நான் என்ன பொய்யா சொல்லிக்குடுத்தேன்?" என்றாய். அடுத்த வாரம் தேவி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். நீ அதைப் பார்த்தாய்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதுங்க ரெண்டும் பேசிக்குதா?"

"இல்லடி" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று எழுந்தேன். "பேசச் சொல்லாத. அள்ளச் சொல்லு" என்றாய். மருந்து மயக்கத்தில் வந்ததா, யோசித்துச் சொன்னாயா? என்னிடம் சொன்னாயா, வேறு யாரையாவது நினைத்துச் சொன்னாயா? திரும்பக் கேட்பதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

போன புயலில் சங்கீதாவின் வீட்டு முன்னறையும் போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. தேவியின் குப்பத்தில் இப்போது படகு ஏற்றி வைக்க இடமில்லை. தட்டில் நாம் பார்த்தது அப்படியே நடக்கிறது. சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று சந்தோஷப்படுவதா? முன்கூட்டியே தெரிந்து அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

இந்த வருஷம் அந்தப் பாடத்தை நான் தனியாக நடத்தினேன். சங்கீதாவும் தேவியும் இப்போது பன்னிரண்டாவது, வெவ்வேறு பிரிவு. வந்து ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுங்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். பேசச் சொல்லவில்லை, அள்ளத்தான் சொன்னேன். சங்கீதா ஸ்கேலைத் தள்ளினாள், தேவி கரண்டி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தேவி, "அவ்ளோ வேகமா தள்ளாத, என்னால அள்ள முடியல" என்றாள். "கடலு ஒனக்காக மெதுவா அடிக்குமா?" என்றாள் சங்கீதா. அங்கே சண்டை பிடித்துக்கொண்டது. கல், லாரி, யார் வீட்டார் யாரிடம் மனு கொடுத்தார்கள் என்று வகுப்புக்கு முன்னாலேயே வார்த்தை தடித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ? பெல் அடித்ததும் இருவரும் கை கழுவப் போனார்கள். போகிற வழியிலும் சண்டைதான். ஆனால் சேர்ந்தே போனார்கள். நீ சொன்னது இதைத்தானா?

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்ப ஆன்சர் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்தும் அவள் முகம் கண்ணிலேயே நின்றது. நம்பிக்கையோடு அனுப்ப வேண்டும் என்று உன்னிடம் சண்டை போட்டவள் நான். அவளை எப்படி அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க ரோட்டையும் வீட்டு வாசல்களையும் சேர்த்து உயர்த்தப் போகிறார்களாம். எனக்கும் சந்தோஷம்தான். போன மழையில் என் கட்டில்காலில் பாதி வரை தண்ணீர் நின்றது. ஆனால் வாயை அடக்க முடியவில்லை. "ஒசத்துனா அந்தத் தண்ணி யார் வீட்டுக்குப் போவும்?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒங்க வீட்டுக்குத்தானே டீச்சர் நல்லது பண்றோம்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ரோடு போட்டாயிற்று, வாசல் உயர்ந்துவிட்டது. காலையிலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. முதல் மழை விழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு, எங்களைவிடப் பள்ளத்தில் இருக்கிற கீழ்த்தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என்ன செய்வேன் என்று தெரியவில்லையடி. நீ இருந்திருந்தால் முதலில் நடந்து போயிருப்பாய், அது மட்டும் தெரிகிறது.