வேகாத டயர்

இன்று கிள்ளானிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸின் டயர் போனது. பக்கத்துப் பட்டறையில் ஒட்டுப் போட்டார்கள். சூடான ரப்பரும் கந்தகமும் கலந்த அந்த வாடை அடித்ததும் நான் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். உன்னிடம் பேசி நெடுநாளாகிவிட்டது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பட்டறையில் நீயும் நானும் டயர் வேகவைக்கும் ஒரே அச்சில் வேலை பார்த்தோம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். புது டயர் மட்டும் கிடையாது. ராணுவ லோரிகளின் தேய்ந்த டயர்களுக்கே மேல்ரப்பர் ஒட்டி, அச்சில் வேகவைத்து அனுப்பினோம். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு அந்த அனலில் நின்று நின்று உன் விலா எலும்பு வெளியே தெரிந்தது. அப்போதும் ஒவ்வோர் ஒட்டையும் நகத்தால் நெம்பிப் பார்க்காமல் விடமாட்டாய். "மேல உக்காந்து போறவன் யாரா இருந்தாலும் உசுருதானேடா" என்பாய்.

ஒருநாள் காலை, ஒரு டயர் இன்னும் வேகவில்லை என்று பட்டறை மேஸ்திரியான மண்டோரைத் தடுத்தாய். அவர் நம் ஆள்தான், நம் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே குடியிருந்தவர்.

"அண்ணே, இது தாங்காதுலா. இன்னும் கொஞ்சம் விடுங்க."

லோரி காத்திருக்கிறது, ஜப்பான்காரன் கத்துகிறான் என்று சொல்லி அவரே அச்சைத் திறந்து டயரை உருட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ரவாங் போகும் சாலையில் அந்த டயர் வெடித்து, லோரி கவிழ்ந்து, ஒரு சிப்பாய் செத்தான். அதிகாரி பட்டறைக்கு வந்தபோது நான் டயர் இறக்கக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் இடம் காலி. ஒட்டியது யார் என்று அவன் கேட்டிருக்கிறான். மண்டோர் உன்னைக் காட்டியிருக்கிறார். அடித்து வீழ்த்திய பிறகும் நீ வாயைத் திறக்கவில்லையாம்.

சயாம் ரயில்பாதை வேலைக்கு உன்னையும் சேர்த்து ஆள் ஏற்றிய அன்று, நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவரு தலைய எடுத்திருப்பான். நாலு புள்ளைங்கடா அவருக்கு."

உன் மனைவி வயிற்றுப் பிள்ளையோடு வேலிக்கு வெளியே நின்றாள். அவளை உள்ளே விடவில்லை.

ஆற்றோரக் கூடாரத்தில் காலராவில் நீ போனதாக, சண்டை முடிந்து திரும்பிய ஒருவன் சொன்னான். அதற்குள் லைனில் உன்னைப் பற்றி வேறு கதை. அரைகுறை வேலை பார்த்து மாட்டிக்கொண்டவன் என்றார்கள். நானும் உன் மனைவியும் மண்டோரிடம் போனோம். தவறு உன்னுடையதல்ல என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லும்படி அவள் கேட்டாள். அவர் அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"அந்தக் காலத்துல என்னென்னமோ நடந்துச்சும்மா. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

நான் போய்ச் சொன்ன இடத்திலெல்லாம், செத்தவனுக்காகப் பேசுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அவர் சொந்தமாக டயர்க் கடை வைத்தார். கோயில் தலைவரும் ஆனார்.

போன வாரம் உன் மகளுக்குக் கல்யாணம். அவரும் வந்து அட்சதை போட்டார். மணவறைக்குப் போகுமுன் அவள் என்னிடம், "எங்கப்பா எப்படிப்பட்டவரு மாமா?" என்று கேட்டாள். ரொம்ப நல்லவர் என்றேன். பொய்யில்லை. பிறகு நீ நிற்கவேண்டிய இடத்தில் நின்று அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தேன்.

நீ அன்று அவரை நோக்கி ஒரு விரலை நீட்டியிருக்கலாம். மண்டோர்மேல் உள்ள கோபம் எனக்குப் பழகிவிட்டது. உன்மேல் உள்ளதுதான் இன்னும் ஆறவில்லை.