மேல்கரையில் தூங்கியவர்

கே.கே. நகர், மதுரை
3 மார்ச் 2025

அன்புத் தங்கை நாகஜோதிக்கு,

சிவபாண்டி அண்ணன் எழுதுவது. இங்கே நானும் தங்கப்பொண்ணும் நலம். கோயம்புத்தூரில் நீயும், மாப்பிள்ளை பீமாராவும், என் மருமகள் தமிழ்வாணியும் சுகம்தானே? உன் போன கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரரைத் திட்டலாம் என்று பார்த்தால் நீ எழுதிப் பதினைந்து நாள் கழித்துத்தான் தபாலில் போட்டிருக்கிறாய் என்று முத்திரை சொல்கிறது. அதில் நீ வைத்திருந்த பஸ் கண்டக்டர் படம் பிரமாதம். மூக்கைத்தான் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டாய். அந்த மனிதர் பார்த்தால் டிக்கெட் கொடுக்க மாட்டார்.

நீ ஆறு மாதமாக நச்சரித்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தெப்பக்குளம், மேல்கரை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேறு கரை கூடாது, வேறு நாள் கூடாது என்று நீ ஏன் அடம் பிடிக்கிறாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. முன்னே இரண்டு தடவை போய் வெறும் கரையை வரைந்து அனுப்பினேன். "ஆட்களோடு வரையுங்கள்" என்று எழுதிவிட்டாய். அந்த வெயிலில் ஆட்களுக்கு நான் எங்கே போவேன்? நேற்றும் கிளம்பும்போது தங்கப்பொண்ணு வழக்கம்போலக் கட்டினவன் புத்தியைச் சந்தேகப்பட்டாள்.

ஆனால் நேற்று எனக்கு யோகம். மரத்தடி சிமெண்டு பெஞ்சில் ஒருவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் துண்டு, தலைமாட்டில் கல்யாண வீட்டு மஞ்சள் பை, ஒரு காலில் செருப்பு, ஒன்று கீழே. டீக்கடைக்காரர் சின்னானிடம் மெதுவாகக் கேட்டேன். "ஞாயித்துக்கெழமன்னா இங்கதாண்ணே படுப்பாரு. நாலரைக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டாரு, தைரியமா வரைங்க" என்றார்.

உனக்குத்தான் தெரியுமே, நம் தொழிலில் பாதிப் பேர் பாதி வரைவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். என் நோட்டில் இடுப்புக்குக் கீழ் இல்லாத பூக்காரிகள் எத்தனை, தலையில்லாத ஆட்டோக்காரர்கள் எத்தனை! தூங்குகிறவர்தான் நமக்குத் தெய்வம். மூன்று இருபதுக்கு மடக்கு நாற்காலியைப் போட்டேன். நாலு பத்துக்கு முடித்தேன். சட்டை மடிப்பு, கால் நரம்பு, பையில் அச்சடித்திருந்த மாப்பிள்ளை பெண் பெயர் வரைக்கும் ஒன்று விடவில்லை. முப்பது வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டிய கைக்கு இப்படி ஒரு படம் வாய்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரே ஒரு சேட்டைதான் செய்தார். வலது கையை நடுவில் நகர்த்திவிட்டார். மைக்கோடு, அழிக்க முடியாது. முடிந்தாலும் அழிக்க மாட்டேன், என் கொள்கை உனக்குத் தெரியும். ஆகவே அவருக்கு அந்தப் பக்கம் கை ஒன்றுக்கு மேல் இருக்கும், பார்த்துச் சிரித்துக்கொள். முடித்ததும் எழுப்பிக் காட்டலாமா என்று தோன்றியது. நல்ல தூக்கத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, வந்துவிட்டேன்.

மருமகள் பரீட்சை எப்படி எழுதுகிறாள்? விவரமாக எழுது.

உன் அண்ணன்,
சிவபாண்டி


பீளமேடு, கோயம்புத்தூர்
20 மார்ச் 2025

அன்புள்ள சிவபாண்டி அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

நீங்கள் வரைந்த மனிதர் என் கூடப் பிறந்த அண்ணன், முத்திருளன். அன்று ஐந்து மணிக்கு டீக்கடைக்காரர் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, மாரடைப்பு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். இரவோடு இரவாக நாங்கள் மூன்று பேரும் வண்டியூரில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பினேன். கதவைத் திறந்தால் உங்கள் கவர் கிடந்தது.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் முன்பே படத்தைத்தான் எடுத்தேன், எப்போதும் அப்படித்தானே. பையில் "கருத்தக்கண்ணன் - ஜெயக்கொடி" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் அண்ணன் மகனின் கல்யாணப் பை அது. எனக்கு அழைப்பு வராத கல்யாணம். பிறகு கால்களைப் பார்த்தேன், அவருடைய கால்கள்தான். பிறகு மூலையில் நீங்கள் போட்டிருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. இவர் வந்து பார்க்கும்போது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேனாம்.

படமும் கடிதமுமாக இரண்டு வருடம் பழகியும் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் பீமாராவைக் கட்டிக்கொண்டதில் அண்ணனுக்குச் சம்மதமில்லை. பதினான்கு வருடமாகப் பேச்சில்லை. போன வருடம் தமிழ்வாணி பெரிய மனுஷியானபோது தாய்மாமன் இல்லாமல்தான் சடங்கு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அவர் மேல்கரைக்கு வந்து படுப்பார், சின்ன வயதிலிருந்தே வழக்கம். நேரில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் படத்தில் ஒரு நாளாவது வந்துவிட மாட்டாரா, எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாமே என்றுதான் உங்களை அந்த வெயிலில் துரத்தினேன்.

ஊரில் எல்லோரும் தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று சொல்லித்தான் மதினியைத் தேற்றி வைத்திருக்கிறார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். ஆனால் உங்கள் படத்தில் அவருக்கு வலப்பக்கம் மூன்று கைகள் இருக்கின்றன அண்ணே. ஒன்று வயிற்றில், ஒன்று நெஞ்சில், ஒன்று பெஞ்சைத் தாண்டி வெளியே. கை நகர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் வரையும்போது அவருக்கு உயிர் இருந்ததா? அந்தக் கை எப்படி நகர்ந்தது? எனக்கு இதை மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்கத் தெம்பில்லை.

நாகஜோதி


கே.கே. நகர், மதுரை
24 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாளாகப் பேனாவைத் தொட முடியவில்லை. தங்கப்பொண்ணு வாசித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். உன் அண்ணன் என்று தெரியாமல் போயிற்றே அம்மா. தெரியாத ஆளாக இருந்தால் மட்டும் என்ன, ஒரு மனிதர் இறந்து கிடக்கும்போது நான் சட்டை மடிப்பை வரைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். கை நகரவில்லை. நான்தான் முதலில் இடம் தவறிக் கோடு போட்டேன், மறுபடியும் தவறினேன், மூன்றாவதில்தான் சரியாக வந்தது. தப்பாக வரைந்தேன் என்று உனக்கு எழுத வெட்கப்பட்டு அவர் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அழிக்க மாட்டேன், திருத்த மாட்டேன் என்று பீற்றிக்கொள்கிறவன் வேறு என்ன எழுதுவான்? நான் உட்காரும் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தூக்கத்தில்தான் போயிருக்கிறார். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

சிவபாண்டி


பீளமேடு, கோயம்புத்தூர்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். ஒரு மாதமாக வராத அழுகை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். உங்கள் தற்பெருமையை நினைத்துக் கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. கைகூடச் சரியாகப் போடத் தெரியாத ஆளையா இரண்டு வருடமாகக் குரு மாதிரி வைத்திருந்தேன்?

மதினியிடம் போனில் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயர் கனகலட்சுமி. வரைந்தவரைப் பார்க்க வேண்டும், அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறார். எனக்காக ஒரு நடை போய்வருகிறீர்களா? வீடு தெப்பக்குளத்திலிருந்து நடக்கிற தூரம்தான், லேத் பட்டறைக்காரர் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அது போதும்.

துக்க வீட்டில் மதினி என்னைக் கட்டிக்கொண்டார். கருத்தக்கண்ணன் தமிழ்வாணியைத் தன் வண்டியில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டினான். இத்தனை வருடத்தில் நானாவது முதலில் போயிருக்கலாம் அண்ணே.

அன்புத் தங்கை,
நாகஜோதி


கே.கே. நகர், மதுரை
8 ஏப்ரல் 2025

நாகஜோதிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் மதினி வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். உன் அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. துண்டு இல்லாத முகத்தை அப்போதுதான் பார்த்தேன். உன் நெற்றி, உன் புருவம்.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்கள். "அநாதையாக் கெடந்து செத்தாகளேன்னுதாண்ணே எனக்கு ஆறல. பக்கத்துல ஒரு மனுசன் அவுக மொகத்தப் பாத்து உக்காந்துருந்தீகல்ல, அது போதும்ணே எனக்கு." காபியைப் பாதியில் கீழே வைத்தேன். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குப் போன கடிதத்தில் எழுதியது பொய். நான் கோட்டைத் தவறவிடவில்லை.

நான் உட்கார்ந்தபோது கை வயிற்றின் மேல் இருந்தது. மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் அந்தக் கோடு கொஞ்சம் அலைந்திருக்கும், பார். மூன்றே முக்கால் இருக்கும், கை மெல்ல நெஞ்சுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குறட்டை என்று நினைத்தேன். புதிய இடத்தில் கையை வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் கை பெஞ்சைத் தாண்டி வெளியே நீண்டது. நான் உட்கார்ந்திருந்த பக்கம். விரல்கள் இரண்டு தடவை மூடித் திறந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. முக்கால்வாசி முடிந்த படம் கெடுகிறதே என்ற எரிச்சல், வேறொன்றும் இல்லை.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் அசையாம இருங்க, முடிஞ்சிரும்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது. தூக்கத்திலும் சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு அவர் அசையவே இல்லை. அந்தக் கையை நான் நிதானமாக, நகம் வரைக்கும் வரைந்தேன்.

துண்டை விலக்கியிருந்தால் முகம் தெரிந்திருக்கும். பத்தடி தூரத்தில் டீக்கடை, எதிரே ஆட்டோ ஸ்டாண்டு. மின்வாரியத்தில் ஷாக் அடித்து விழுந்த இரண்டு பேரை நெஞ்சில் அமுக்கிப் பிழைக்க வைத்தவன் நான். எனக்குத் தெரியாத வேலை இல்லை அது.

உன் மதினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

சிவபாண்டி


பீளமேடு, கோயம்புத்தூர்
27 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய சிவபாண்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். இவர் எழுதச் சொன்னார். தெரியாமல் நடந்தது, அந்த இடத்தில் யார் இருந்தாலும் தூக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள் என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தூங்குகிற ஆள் கிடைத்தால் நானும் துள்ளிக் குதித்திருப்பேன். அதனால் உங்கள் மேல் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. அந்த நேரத்துக்கு, அந்தக் கரைக்கு உங்களை அனுப்பியவளும் நான்தான்.

ஆனால் நீங்கள் அவரிடம் சொன்ன அந்த ஒரு வரி காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோறு வடிக்கும்போது கேட்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது கேட்கிறது. கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே கேட்கிறது. உண்மையைச் சொன்னது சரிதான். அதை என்னிடம் இறக்கி வைத்துவிட்டீர்கள், நான் யாரிடம் இறக்கி வைப்பது? மதினியிடம் சொல்லப் போவதில்லை. அவர் பிடித்துக்கொண்டிருப்பதை நான் பிடுங்க மாட்டேன். நீங்களும் இனி அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

என் அண்ணனுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதங்களையெல்லாம் இரண்டு வருடமாக உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அதில் உங்கள் குற்றம் இல்லை. இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களை மடங்காமல் அட்டை வைத்துக் கட்டித் தனியாகத் தபாலில் சேர்த்திருக்கிறேன். மேல்கரைப் படம் அதில் இல்லை, தேடாதீர்கள். அதை நான் வைத்துக்கொண்டேன். அண்ணனின் பழைய போட்டோக்கள் எத்தனையோ மதினி கொடுத்தார், அதெல்லாம் போன மனிதரின் போட்டோ. நீங்கள் வரைந்ததில் அவர் இன்னும் மூச்சு விடுகிறார்.

இப்படிக்கு,
பீ. நாகஜோதி